இரும்பு இறங்கும் அளவு

அந்த வீட்டில் சாய்ந்து தொங்கும் பொருள் எதுவும் கிடையாது. நாள்காட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி, அடுக்களைச் சுவரில் மாட்டிய கரண்டிகள் எல்லாம் நூல் பிடித்தாற்போல் இருக்கும். கொடியில் உலரும் துணிகூட ஒரே மட்டத்தில் முடியும். வீட்டுக்காரர் காங்கிரீட் தளம் போடும் மேஸ்திரி. ஊரார் அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் அந்தக் கருவி அவரிடமும் ஒன்று இருந்தது. மற்றவர்கள் அதைக் கொண்டு தங்கள் கண்ணைச் சரிபார்ப்பார்கள். அவர் தம் கண்ணைக் கொண்டு அதைச் சரிபார்ப்பார். துக்கம் கேட்கப் போன வீட்டில், சுவரில் கோணியிருந்த படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் வாய் திறந்தார் என்பது ஊரறிந்த செய்தி.

அவருடைய மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவர். பணிமனையிலும் தெருவிலும் அவருக்கு டிரைவரம்மா என்று பெயர். இருக்கைக்கு அருகிலுள்ள தட்டில், விளிம்பு வரை தேநீர் ஊற்றிய குவளையை மூடாமல் வைத்துவிட்டு வண்டியை எடுப்பார். வழித்தடம் முடியும்போது தட்டு உலர்ந்தே இருக்கும். “அம்மா வண்டியில நின்னுக்கிட்டே ஊசியில நூல் கோக்கலாம்” என்பது நடத்துநர் எல்லாரிடமும் சொல்லும் சொல். கணவனுக்குக் கண்ணிலே இருந்த கர்வம் மனைவிக்கு இருக்கையிலே இருந்தது. இருவர் கர்வமும் தகுதியின்மேல் நின்றது என்பதால் அதைக் குறை சொல்ல இயலாது. ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு கர்வங்கள் வசிக்கும்போது நடுவில் ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் மேஸ்திரியின் தம்பி இருந்தான். முப்பது வயதைக் கடந்தும் மணமாகாதவன். அண்ணன் கொட்டச் சொல்லும் காங்கிரீட்டைச் சமன் செய்யும் மெஷினை ஓட்டுபவன்.

ஊரை இரண்டாக வகிர்ந்து ஓடும் ஆற்றின்மேல் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அருகருகே இரண்டு பாதிகள். முதற்பாதி முடிந்ததும் போவதும் வருவதும் அதிலேயே நடக்க, மறுபாதியைக் கட்டுவது என்று ஏற்பாடு. இரு கரைகளை ஒட்டிய பகுதிகளில் தளத்தைத் தாங்குபவை காங்கிரீட் உத்திரங்கள். நடு ஆற்றில் தூண் நிறுத்த முடியாத ஆழம் என்பதால் அங்கே மட்டும் நீண்ட இரும்பு உத்திரங்கள். முதற்பாதியின் தளம் முழுவதும் மேஸ்திரியின் குழு போட்டது. அது திறக்கப்பட்ட அன்று டிரைவரம்மாவின் பேருந்தும் அதில் ஓடியது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் பாலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மேஸ்திரிதான் பொறுக்க மாட்டாமல், சாப்பாட்டின் நடுவே கேட்டார்.

“என் பாலம் எப்படி?”

“கரையில பட்டு மாதிரி இருக்கு” என்றார் டிரைவரம்மா.

“எந்தக் கரையில?”

“ரெண்டு கரையிலயும்.”

மேஸ்திரி வாய்க்கருகே கொண்டுபோன கவளத்தை நிறுத்தினார். “அப்ப நடுவுல?”

“நடுவுல வண்டி தலையைக் குனிஞ்சு நிமிருது. அது முடிஞ்சு கரைப்பக்கத்தோட சேர்ற இணைப்புல பின்பக்கத்தைத் தூக்கிப் போடுது. டொம்முன்னு ஒரு சத்தம்.”

“உன் வண்டியில ஸ்பிரிங் போயிருக்கும்.”

“வண்டி மாத்தியும் ஓட்டிப் பார்த்துட்டேன்.”

“அப்ப உனக்குத்தான் ஸ்பிரிங் போயிருக்கும்.”

தம்பி சிரித்துவிட்டான். சிரித்த மறுகணமே, எந்தப் பக்கமும் சேராத முகத்தை வைத்துக்கொண்டு பருப்பை ஊற்றிக்கொண்டான்.

“எனக்குக் கண் உங்க அளவுக்குக் கிடையாதுதான்” என்றார் டிரைவரம்மா, குரலை உயர்த்தாமல். “ஆனா என் இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

மேஸ்திரி கை கழுவினார். தட்டில் பாதிச் சோறு மிஞ்சியிருந்தது. அன்றிலிருந்து அவர் மனைவியிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினார். வீட்டின் பேச்சு முழுவதும் தம்பி வழியாக ஓடியது.

“உங்க அண்ணிகிட்ட சொல்லு, வெந்நீர் வேணும்.”

“உங்க அண்ணன்கிட்ட சொல்லு, அடுப்புல இருக்கு, கை இருந்தா எடுத்துக்கலாம்.”

“ரெண்டு பேரும் ஒரே அறையிலதானே இருக்கீங்க?” என்பான் தம்பி. “நான் வேலைக்குப் போயிட்டா என்ன பண்ணுவீங்க? சுவர்கிட்ட சொல்லி அனுப்புவீங்களா?”

இருவரும் அதற்குச் சிரிக்கவில்லை.

விடுமுறை நாளின் காலையில், வண்டிகள் பெருகுமுன், மேஸ்திரி தம்பியை அழைத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். தோளில் இரண்டு ஆள் நீளத்துக்கு அலுமினியச் சட்டம். தளத்தின்மேல் அதைக் கிடத்தி, மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் பதித்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. சட்டத்தை நகர்த்தினார், மறுபடி பார்த்தார். கரையிலிருந்து கரை வரை ஓரிடம் விடாமல் பார்த்தார். முழங்காலில் சிமெண்ட் தூளும் முகத்தில் வெற்றியுமாக வீடு திரும்பினார்.

“உங்க அண்ணிகிட்ட சொல்லு. சட்டத்துக்கு அடியில ஒரு காசு நுழைய இடமில்ல.”

டிரைவரம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. “உங்க அண்ணன்கிட்ட கேளு. எறும்பை விட்டு அளந்தா யானை முதுகு வளைஞ்சிருக்கறது தெரியுமா?”

மேஸ்திரி வாசலுக்குப் போய்விட்டார். தம்பி போகவில்லை. அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்றவன், தானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினான். அவன் எதையாவது மறைக்கும்போதெல்லாம் கேட்காமலே வேலை செய்வான் என்பது டிரைவரம்மாவுக்குத் தெரியும்.

“சொல்லு” என்றார்.

“என்ன அண்ணி?”

“உரிச்ச வெங்காயத்தையே உரிச்சிக்கிட்டிருக்க.”

தம்பி கத்தியைக் கீழே வைத்தான். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

“நான் ஓட்டற மெஷின் ரெண்டு பக்கமும் தண்டவாளம் மேல ஓடும் இல்லையா? அந்தத் தண்டவாளம் எந்த உயரத்துல இருக்கோ, அந்த உயரத்துக்குத்தான் தளம் அமையும். தாங்கியில இருக்கற நட்டைத் திருப்பி அதை ஏத்தலாம், இறக்கலாம். இன்ஜினியர் சார் ஒவ்வொரு தாங்கியிலயும் சாக்பீஸால உயரத்தை எழுதி வெச்சிருந்தார். காங்கிரீட் கொட்டறதுக்கு முன்னாடி அண்ணன் ஒரு முனையில குனிஞ்சு ஒத்தைக் கண்ணால பார்த்தார். கரையில சரியா இருக்கு. நடுவுல இரும்பு மேல தண்டவாளம் கூனிக்கிட்டு நிக்குது. ‘எவனோ தப்பா எழுதிட்டான்டா, இப்படியே போட்டா ஒட்டகத்து முதுகாயிடும், நட்டை இறக்கு’ன்னார். இறக்கிட்டேன்.”

“இன்ஜினியரைக் கேட்கலையா?”

“அண்ணன் கண்ணு சொன்ன பிறகு யாரைக் கேட்கறது? நாங்க கேட்டதே இல்லையே, அண்ணி. பார்க்கறப்ப அவ்வளவு அழகா நேரா இருந்துச்சு.”

மேஸ்திரியின் தவறு இதுதான். மந்தமான கண் படைத்த ஒருவர் அன்று மேஸ்திரியாக நின்றிருந்தால், தண்டவாளத்தின் கூன் அவருக்குத் தெரிந்தே இராது. எழுதிய உயரத்தில் விட்டிருப்பார். பாலமும் நன்றாக அமைந்திருக்கும். காங்கிரீட் உத்திரம் பாரத்துக்கு அசைந்து கொடுக்காது; கொடுத்தாலும் மயிரிழைதான். இரும்பு உத்திரம் அப்படியன்று. ஈரக் காங்கிரீட்டின் பாரம் முழுவதும் ஏறும்போது அது தாழும். அந்தத் தாழ்வுக்கு முன்கூட்டியே விட்ட இடந்தான் அந்தக் கூன்.

டிரைவரம்மாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் குறை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

“அடுத்த பாதி எப்போ?”

“வர்ற வாரம். இதே மெஷின், இதே ஆளுங்க. நட்டை மறுபடி இறக்கச் சொல்வார் அண்ணி. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“சொல்ல மாட்டேன். சொன்னா அவர் உன்னைக் கோவிச்சுக்கிட்டு முடிச்சிடுவார். பாலத்தை நினைக்க மாட்டார்.” நறுக்கியதைச் சட்டியில் தள்ளிவிட்டு, வாசலுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். “உங்க அண்ணன்கிட்ட சொல்லு! நாளைக்கு மதியம் என் வண்டியில ஏறி, எதையும் பிடிக்காம நடுவுல நிக்கட்டும். என் டீ சிந்தலேன்னா, இனிமே அந்தப் பாலத்தைப் பத்தி நான் வாயே திறக்கல!”

வாசலிலிருந்து பதில் தம்பிக்கு வந்தது. “உங்க அண்ணிகிட்ட சொல்லு, குவளையை நல்லா ரொப்பி வைக்கட்டும்!”

மறுநாள் காலையிலிருந்தே மழை. மேஸ்திரி மதியம் பேருந்தில் ஏறியபோது ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. உள்ளே ஈரக் குடைகளின் வாடை. பாதி இருக்கைகள் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. நடைபாதையின் நடுவே கால்களை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“உட்காருங்க, சார், இடம் கிடக்குது” என்றார் நடத்துநர்.

“நான் நிக்கத்தான் வந்தேன்.”

நடத்துநர் கண்ணாடியில் டிரைவரம்மாவின் முகத்தைப் பார்த்தார். வந்தவர் யார் என்பது புரிந்துவிட்டது.

மேஸ்திரிக்கு அருகிலிருந்த இருக்கையில் ஒரு ரொட்டிக்காரர் தலையை ஜன்னலில் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். விடியுமுன் அடுப்பு மூட்டி, மதியம் வரை மாவு பிசைபவர். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது.

பேருந்து பாலத்தில் ஏறியது. கரைப் பகுதியில் சக்கரம் உருள்வதே தெரியவில்லை. மேஸ்திரியின் மீசைக்கடியில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. நடுப்பகுதி வந்தது. வண்டியின் முகம் மெல்லத் தாழ்ந்தது. அதே நேரத்தில் இரு பக்கமும் தண்ணீர் சிறகு விரித்தாற்போல் எழும்பி ஜன்னல்களில் அடித்தது. கரைப் பகுதியில் வடிந்து போயிருந்த மழைநீர், இங்கே மட்டும் தேங்கி நின்றது. பிறகு முகம் நிமிர்ந்தது. இணைப்பைத் தாண்டும்போது பின்பக்கம் எழும்பி விழுந்தது. டொம்.

மேஸ்திரி தம் வலக்கையைப் பார்த்தார். அது அவரைக் கேளாமலே மேல்கம்பியைப் பற்றியிருந்தது.

ரொட்டிக்காரர் விழித்துக்கொண்டார். புருவத்தைத் துடைத்தபடி எழுந்தார். “பாலம் வந்துடுச்சு. ஸ்டாப்புல நிறுத்துங்கம்மா.” பிறகு, தம்மையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் மகிழ்ச்சியோடு சொன்னார்: “முன்னெல்லாம் தூங்கிட்டே டெப்போ வரைக்கும் போயிடுவேங்க. இப்போ கவலையே இல்ல. இந்தப் பாலம் தாயி மாதிரி தட்டி எழுப்பிடுது. இதைக் கட்டினவன் நல்லா இருக்கணும்!”

அந்த நிறுத்தத்தில் மேஸ்திரியும் இறங்கினார். டிரைவரம்மா வண்டியை நகர்த்தும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தார்: குடையில்லாமல், மழையில், மனிதர் பாலத்தை நோக்கித் திரும்பி நடந்துகொண்டிருந்தார். ஓட்டுநர் தட்டில் தேநீர் குளமாக நின்றது. அதைத் துடைக்க அவருக்கு அப்போது மனம் வரவில்லை.

மேஸ்திரி வீடு வந்து சேர்ந்தபோது உடலில் உலர்ந்த இடமே இல்லை. துண்டை நீட்டிய மனைவியிடம், தம்பியை இடையில் அழைக்காமல், நேராகச் சொன்னார்.

“சிந்திடுச்சு.”

“ஆமா.”

“பாதிக் குவளை இருக்குமா?”

“பாதிக்குக் கொஞ்சம் குறைவா.”

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். “இரும்பு மேல மட்டும் தண்ணி நிக்குது. ஒரு முனையிலேர்ந்து மறு முனை வரைக்கும் ஒரே பள்ளம். அவ்வளவு நீளப் பள்ளத்துல என் சட்டத்தை எங்க வெச்சாலும் நேராத்தான் காட்டும். நட்டை இறக்கச் சொன்னது நான்.” தம்பி வாயெடுத்தான். “நீ பேசாதே. நீ திருப்பினே, நான்தான் சொன்னேன்.”

டிரைவரம்மா சூடான சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு ரொட்டிகளோடு அவர் முன்னே வைத்தார். ஜெயித்தவர் சொல்லக்கூடிய சொற்கள் பல அவர் நாவில் வந்து நின்றிருக்கும். ஒன்றையும் வெளியே விடவில்லை. “ஆறிடும், குடிங்க” என்றார்.

மறுநாள் வேலைத்தளத்தில், தகரக் கொட்டகைக்குள், மேஸ்திரி இன்ஜினியர் முன் நின்றார். இன்ஜினியர் நடுவயதுக்காரர்; எவரையும் அதட்டிப் பேசி அறியாதவர்; அவர் கண்கள் தூக்கமின்றிச் சிவந்திருந்தன.

“சார், போன தடவை நீங்க எழுதின உயரத்துல தண்டவாளம் நிக்கல. இரும்பு மேல நான் இறக்கிட்டேன்.”

இன்ஜினியர் நாற்காலியை இழுத்து, உட்காராமல், அதன் முதுகைப் பற்றிக்கொண்டார். “எவ்வளவு?”

“என் கைக்கு மூணு விரல். நடுவுல.”

“மேஸ்திரி… பள்ளத்தை நான் எப்பவோ அளந்துட்டேன். இரும்பு என் கணக்குக்கு மேல இறங்கிடுச்சுன்னு நினைச்சு மண்டையை உடைச்சிக்கிட்டிருக்கேன். இந்தப் பாதிக்கு இன்னும் மூணு விரல் ஏத்திவைக்கச் சொல்லி நேத்துத்தான் முடிவு பண்ணேன்.”

“அப்படின்னா இது உண்மையிலேயே ஒட்டகமாகியிருக்கும்.”

“ஆகியிருக்கும்.” இன்ஜினியர் நாற்காலியில் உட்கார்ந்தார். “இரும்பு இறங்கும், அதுக்குத்தான் இந்த உயரம்னு நானாவது உங்ககிட்ட சொல்லியிருக்கணும். உங்களுக்குப் போய்ச் சொல்றதான்னு விட்டுட்டேன்.”

“சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், சார்.”

“மேலிடத்துல சொல்லித்தான் ஆகணும்.”

“சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க. வேற ஆளை வெச்சுப் போடணும்னாலும் போடுங்க. ஆனா நீங்க எழுதின உயரத்துலயே போடுங்க.”

மேலிடம் வேறு ஆளைப் போடத்தான் எண்ணியது. இன்ஜினியர் அன்று தம் வாழ்நாளில் முதன்முறையாகக் குரல் உயர்த்தினார் என்று கொட்டகைக்கு வெளியே நின்றவர்கள் சொன்னார்கள். மேஸ்திரியின் குழுவே தொடர்ந்தது.

தளம் போடும் நாள் மேகமூட்டமாக விடிந்தது. வெயில் ஏறாத நாள் காங்கிரீட்டுக்கு நல்ல நாள். லாரிகள் வயிற்றைச் சுழற்றிக்கொண்டு வரிசையில் நின்றன. பம்பின் நீண்ட குழாய் ஆற்றின்மேல் கழுத்தை நீட்டியது. இரும்பு உத்திரங்களின்மேல் தண்டவாளம் கூனிக்கொண்டு நின்றது. மேஸ்திரி ஒரு முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. நிமிர்ந்தவர், தம்பியின் இடுப்பிலிருந்த ஸ்பானரை உருவிக்கொண்டுபோய் இன்ஜினியரிடம் நீட்டினார். “இதை நீங்களே வெச்சுக்குங்க, சார். என் மனசு கேட்குது. கை கேட்க மாட்டேங்குது.”

“என்னோட கீழ வாங்க” என்றார் இன்ஜினியர்.

பாலத்தின் அடியில், படகில் நிறுத்திய பரணுக்கு இருவரும் இறங்கினார்கள். உத்திரத்தின் நடுவில் கட்டித் தொங்கவிட்ட ஒரு மெல்லிய கம்பி. அதன் அருகே, ஆற்றுப் படுகை வரை இறக்கி ஊன்றிய ஒரு நீண்ட குழாய், குழாயில் கோடுகள். மேலே காங்கிரீட் விழும் ஓசை கூரையில் மழை பெய்வதுபோல் கேட்டது. கம்பியின் முனை கோட்டோடு ஒட்டி நின்றது. பிறகு நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல், கீழே வந்தது.

மேஸ்திரி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். வாழ்நாள் முழுவதும் அவர் இரும்பின் மேலே நின்றவர். அடியில் நின்று பார்த்தது இதுவே முதல்முறை.

“இறங்குது, சார்.”

“இறங்கும்.”

“இம்மாம் பெரிய இரும்பு… தலையை ஆட்டுற மாதிரி இறங்குது, சார்!” பாலத்தடியில் அவர் குரல் எதிரொலித்தது. மேலே நின்ற ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். “டேய், கொட்டுங்கடா! நிறுத்தாம கொட்டுங்க!”

அவர் ஏணியில் ஏறிய வேகத்தில் அவர் வயதில் எவரும் ஏற மாட்டார்கள். அதன்பின் அந்த நாள் அவருடையதாயிற்று. முழுப் பாரமும் ஏறும் வரை முதலில் கொட்டியது இறுகிவிடக் கூடாது. கடைசி லாரி தாமதிக்கவும் கூடாது. காங்கிரீட்டை அதிரவைத்து அமர்த்தும் வைப்ரேட்டரைப் பிடித்தவர்களைத் திட்டினார்; லாரிக்காரர்களைக் கெஞ்சினார்; தம்பியின் மெஷினுக்குப் பின்னாலேயே நடந்தார். மட்டப்பலகை பிடித்தவர்களிடம் பலகையைப் பிடுங்கித் தாமே இழுத்தார். மெஷின் கடந்து போன தளத்தின்மேல் நனைந்த கோணியை விரிக்கும்போது, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் நுனிகளை இழுத்துவிட்டார். கடைசி லாரியும் காலியானபோது, மறுபடி ஒரு முனையில் குனிந்தார். கூனைக் காணவில்லை. தண்டவாளம் நேராக, நீட்டிப் பிடித்த நூலாக, அக்கரை வரை ஓடியது.

“நட்டு ஒண்ணுகூடத் திருப்பல, அண்ணே” என்றான் தம்பி.

“தெரியும்டா. அதுவா நிமிர்ந்துடுச்சு.”

தளம் நீரில் ஊறி முதிர்ந்தது. இன்ஜினியர் கருவி வைத்து முனைக்கு முனை அளந்தார். அளந்ததைச் சொல்லாமல் மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பழைய பாதியில் இணைப்பை ஒட்டிய மேட்டைத் தேய்த்தார்கள். நடுப்பள்ளத்தைச் சரிசெய்ய வேறு ஏற்பாடு நடந்தது. போகும் வண்டிகளுக்குப் பழைய பாதி, திரும்பும் வண்டிகளுக்குப் புதிய பாதி என்று வழி பிரிந்தது.

அன்று மதியம் டிரைவரம்மா குவளையில் விளிம்பு வரை தேநீர் ஊற்றினார். விளிம்புக்கும் சற்று மேலாகவே ஊற்றினார் என்று நடத்துநர் பிற்பாடு சொன்னார். பேருந்து புதிய பாதியில் ஏறியது. கரை வந்தது. நடு வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறு நகர்வதைக் கண்டுதான் இரும்பின்மேல் போகிறோம் என்று அறிய வேண்டியிருந்தது. இணைப்பு இருக்கும் இடத்தில் சக்கரம் ஒரு முறை நாக்கைச் சொடுக்கினாற்போல் மெல்ல ஓசையிட்டது, அவ்வளவே. குவளையில் தேநீர் வட்டமாக ஒரு முறை சிலிர்த்து அடங்கியது.

பாலத்தை அடுத்த நிறுத்தத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. பேருந்து நகர்ந்தது. இன்னும் சில நிறுத்தங்கள் கடந்து, பணிமனை வாசலில் வண்டி திரும்பும்போதுதான் பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது.

“அய்யய்யோ! பாலம் எங்கம்மா?”

ரொட்டிக்காரர் மாவு படிந்த தலையோடு ஜன்னலை இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தாண்டி ரொம்ப நேரமாச்சு” என்றார் நடத்துநர்.

“தாண்டியாச்சா? தாண்டினது எனக்கெப்படித் தெரியாமப் போகும்? ஒரு தட்டு இல்ல, ஒரு சத்தம் இல்ல! இந்த வெயில்ல நான் எவ்வளவு தூரம் திரும்பி நடக்கணும்? எந்தப் படுபாவி இப்படிக் கட்டினது? அவன் நல்லா இருப்பானா?”

டிரைவரம்மா இன்ஜினை அணைத்தார். இருக்கையிலிருந்து எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வண்டி முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

“என் வீட்டுக்காரர்.”

அவர் வீடு திரும்பியபோது மேஸ்திரி வாசற்படியில் உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. தம்பி உள்ளேயிருந்து காதை நீட்டிக்கொண்டிருந்தான்.

“உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு” என்றார் டிரைவரம்மா.

துடைத்த கை நின்றது. “யாரு?”

“ரொட்டிக்காரர். உங்க பாலத்துல தூங்கிட்டே டெப்போ வரைக்கும் வந்துட்டார். கட்டினவன் நல்லா இருப்பானான்னு வண்டியே அதிரக் கத்தறார்.”

மேஸ்திரி பலகையைச் சுவரில் சார்த்தினார். அது சற்றே கோணலாக நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நகர்ந்து, படியில் மனைவிக்கு இடம் விட்டார்.

“உட்காரு” என்றார். “முதல்லேர்ந்து சொல்லு. இணைப்பைத் தாண்டறப்ப அவர் குறட்டை விட்டாரா?”